பொய்கையின் மேல் சொன்ன பழி

சங்க அகப்பாடல்களின் ஐந்து நிலங்களில் சோற்றுக்குக் குறையில்லாதது மருதம். ஆற்றுநீர் பாயும் வயல், வாளை பிறழும் பொய்கை, கரையோரத்து மாமரம், கரும்பு, எருமை, ஆம்பல், தாமரை என்று கண்ணுக்கு எட்டிய தூரம் வளம்தான். பாலையின் வெயிலோடு பிரிவைச் சேர்த்ததும், கடற்கரையின் மாலைப் பொழுதோடு இரங்கலைச் சேர்த்ததும் கேட்டவுடன் மனதுக்குப் பொருந்துகின்றன. மருதத்துக்குக் கிடைத்ததோ ஊடல். அதுவும் காதலர் விளையாட்டாகப் பிணங்கும் ஊடல் அல்ல. கணவன் பரத்தையின் சேரியில் இரவைக் கழித்துவிட்டு வருகிறான். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மனைவி, வாசலில் தோழி. தொல்காப்பியம் மருதத்துக்கு வைத்த சிறுபொழுது வைகறை விடியல். அவன் திரும்பி வரும் நேரம் அது. விளைச்சல் மிகுந்த நிலத்துக்கு முறிந்த உறவை ஏன் வைத்தார்கள்? அந்த முறிவைப் பேசவந்த பெண்கள் ஏன் எருமையையும் நண்டையும் நீர்நாயையும் பற்றிப் பேசினார்கள்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. மருதத்தின் இயற்கை வருணனை, நேரே பேச உரிமையில்லாதவர்கள் நேரே பேச வேண்டியதைச் சொல்லக் கண்டுபிடித்த பேச்சுமுறை. நிலத்தின் அழகைப் பாடுவது அதற்குப் போர்வை.

முதலில் அந்த வீட்டின் பொருளாதாரத்தைப் பார்க்கவேண்டும். மருதத் தலைவன் ஊரன் என்றே அழைக்கப்படுகிறான்; வயலும் நீர்த்துறையும் அவனுடையவை. அவன் ஏர் பிடிப்பதை இந்த அகப்பாடல்கள் காட்டுவதில்லை. அவனுக்குத் தேர் இருக்கிறது, பாணன் இருக்கிறான், ஊர்விழாவிலும் புதுப்புனல் ஆட்டிலும் செலவிட ஓய்வு இருக்கிறது. காவிரி பாயும் நாட்டில் ஒரு வேலி நிலம் ஆயிரம் கலம் நெல் தந்ததாகப் பொருநராற்றுப்படை சொல்வது புலவர் மிகையாக இருக்கலாம். ஆனால் உண்டு மிஞ்சிய நெல் ஒரு வர்க்கத்தின் கையில் குவிந்தது என்ற உண்மை அந்த மிகைக்குள் இருக்கிறது. பாணனையும் விறலியையும் கூத்தரையும் பரத்தையர் சேரியையும் அந்த மிச்சம்தான் தாங்கியது. திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கார்த்திகேசு சிவத்தம்பி 1970களில் வாதிட்டார். மருதத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தை மறுப்பது கடினம். தினைப்புனம் காக்கும் குறிஞ்சியில் களவுக்கு இடமுண்டு. ஆநிரை மேய்க்கும் முல்லையில் காத்திருப்புக்கு இடமுண்டு. பரத்தை வீட்டுக்கு ஒருவன் தேரேறிப் போக வேண்டுமானால் வேறொருவர் உழுது களை பறித்து நெல் அடித்திருக்க வேண்டும். மனைவியின் துயரம் வறுமையில் வந்ததல்ல. அவள் வீட்டுக் குதிரில் நிறைந்திருக்கும் அதே நெல்லில் இருந்து வந்தது. ஆகவே அவள் பழி சொல்ல வயலையும் பொய்கையையும் எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை.

அவளுடைய நிலை இக்கட்டானது. பரத்தையிற் பிரிவை அக்காலச் சமூகம் குற்றமாகக் கருதவில்லை, இலக்கணத்தில் இடம் கொடுத்து வைத்திருந்தது. தொல்காப்பியத்தின் கற்பியல் அதற்கு ஒழுங்குமுறை வகுக்கிறது. மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் 12 நாள் கணவன் அவளைப் பிரிந்திருக்கலாகாது என்ற விதி அதில் வருகிறது. மகப்பேறு நிகழவேண்டும் என்பதில் விதிக்கு அக்கறை உண்டு. அவள் மனம் நோகுமே என்பதில் இல்லை. அவளைச் சமாதானம் செய்ய வரும் தூதர்களை, அதாவது வாயில்களை, அதே நூல் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று 12 பேராக எண்ணித் தருகிறது. ஒரு பெண்ணை இணங்கவைக்க இத்தனை பேர் அணிவகுத்து நிற்கிறார்கள். அவள் பக்கம் பேசவோ தோழியைத் தவிர யாருமில்லை. அந்தத் தோழியும் இந்தப் பட்டியலில் முதல் ஆள். மணவிலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மகனைப் பெற்றவள் என்ற மதிப்பும் அவனால் வந்ததே. இப்படி நாற்புறமும் அடைபட்ட ஒருத்தி, கணவனின் முகத்துக்கு நேரே அவன் செய்ததைச் சொல்லவேண்டும், சொன்னதாகவும் ஆகக்கூடாது. இந்த நெருக்கடியில்தான், இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமம் முழு வேகத்தோடு வேலை செய்கிறது.

பாட்டின் அமைப்பைக் கவனித்தால் இது தெளிவாகும். பல மருதப் பாடல்களில் முதல் சில அடிகள் முழுக்கத் தலைவனின் ஊரைப் பற்றிய வருணனை. அந்த வருணனை போய் முடிவது அவனை விளிக்கும் சொல்லில். அதன் பிறகே குறை வருகிறது. இலக்கணப்படி பார்த்தால் வருணனை முழுவதும் அவனுக்குச் சூட்டிய அடைமொழி. அவனுடைய ஊரின் பெருமை. அதை அவன் மறுக்க முடியாது, அதற்காகக் கோபிக்கவும் முடியாது. ஆனால் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அவனுடைய இரவு முழுவதும் அங்கே நடக்கிறது. அகநானூற்றின் 46ஆம் பாட்டு இதற்கு மிகச் சிறந்த சான்று. பாடியவர் அள்ளூர் நன்முல்லையார், ஒரு பெண். தொழுவத்துச் சேற்றில் நிற்கப் பிடிக்காத எருமை ஒன்று, ஊர் உறங்கும் நேரத்தில் கட்டிய கயிற்றை அறுக்கிறது. முள்வேலியைக் கொம்பால் விலக்குகிறது. ஆழமான நீருக்குள் இறங்குகிறது. மீன்கள் சிதறி ஓடுகின்றன, வள்ளைக்கொடி உழக்கப்படுகிறது, வண்டு மொய்க்கும் தாமரையை அது தின்கிறது. அத்தகைய ஊரை உடையவனே என்று தோழி அவனை விளிக்கிறாள். பிறகு, உன்னோடு ஊடுவதற்கு நீ எமக்கு யார் என்று கேட்டு, போய்வா, தடுப்பவர் எவருமில்லை என்று வாயில் மறுக்கிறாள். எருமை பசியால் வெளியேறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இருக்கும் இடத்தின் மேல் வந்த வெறுப்பால் வெளியேறுகிறது. வேலியைத் தாண்டியதோடு நில்லாமல் வழியில் உள்ளதையெல்லாம் கலக்கிவிட்டுப் போகிறது. தலைவன் தன் மனைவிக்கு மட்டும் செய்த தீங்காக இதை நினைத்திருக்கலாம். பாட்டு அவனைத் திருத்துகிறது: குளம் முழுவதும் கலங்கியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் உரையாசிரியர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த வாசிப்பு அல்லவா, பாட்டில் இருப்பது வெறும் எருமைதான் என்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. யார் யாரிடம் என்ன நேரத்தில் சொன்னது என்பதைத் தெரிவிக்கும் துறைக் குறிப்புகள் பாடல்களோடு பிறந்தவை அல்ல. தொகுத்தவர்களும் பின்வந்தவர்களும் சேர்த்தவை. கயிறு எது, வேலி எது, மீன் யார், வண்டு யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடிப் பொருத்தும் உரைமரபு பல இடங்களில் பாட்டை விடுகதையாக்கிவிடுகிறது. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் மிகையைக் கழித்த பிறகும் அடிப்படை நிற்கிறது. நன்முல்லையாரின் பாட்டில் வருணனைக்கு அடுத்து வரும் பகுதி, தலைவன் வேறொருத்தியை மணந்தான் என்று ஊரார் சொல்வதை வெளிப்படையாகவே கூறுகிறது. இரவில் கட்டறுத்துக்கொண்டு போன விலங்கும், இரவில் வீடு தங்காத கணவனும் பத்துப் பன்னிரண்டு அடிகளுக்குள் அருகருகே நிற்கும்போது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்பவர்தான் சான்று காட்டவேண்டும். மேலும், கேட்டவனுக்குப் புரியவேண்டும், ஆனால் சொன்னவள் மேல் குற்றம் சாட்ட முடியக்கூடாது என்பதே இந்தப் பேச்சின் நோக்கம். வெறும் எருமைதான் என்று வாதாட இடம் இருப்பது அதன் வலிமை.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பரவலானது. மருதம் என்றால் எருமை, வாளை, தாமரை என்று மரபு வகுத்துக் கொடுத்துவிட்டது. புலவர் அதை நிரப்பினார். இதில் மனத்தின் முறிவைத் தேடுவது வீண் என்பார்கள். மரபு இருந்தது உண்மை. அகநானூற்றைத் தொகுத்தவர்கள் 6, 16, 26 என்று 6இல் முடியும் எண்களை எல்லாம் மருதத்துக்கு ஒதுக்கும் அளவுக்கு அது உறுதியாக இருந்தது. அந்தக் கணக்கில் 400இல் 40 பாடல்கள் மருதம். ஆனால் மரபு தந்தது சரக்கறையை மட்டுமே. அதிலிருந்து எதை எடுப்பது, அது என்ன செய்வதாகக் காட்டுவது என்பதைச் சண்டையின் தன்மை தீர்மானித்தது. ஓரம்போகியார் ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களில் ஊடலைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஆராய்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது. வேழப்பத்தில் கரையோர நாணல் கரும்பைப்போலப் பூக்கிறது; பூ ஒன்று, உள்ளே இனிப்பு இல்லை. மனைவியின் இடத்துக்கு வந்தவளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக இகழ முடியாது. கிழத்தி கூற்றுப்பத்தில் புலால் நாறும் நீர்நாய் காலை இரையாக வாளையைப் பிடிக்கிறது. அதைத் தொடர்ந்து, பிறரைத் தழுவிய மார்பை அணுகமாட்டேன் என்ற மறுப்பு வருகிறது. நாற்றத்தைச் சொல்ல மணமுள்ள மலர்கள் நிறைந்த பொய்கையிலிருந்து நீர்நாயைத் தேடி எடுத்திருக்கிறார். எருமைப்பத்தில் எருமை ஆம்பலை உழக்குகிறது. மரபின் ஓட்டத்தில் கைக்கு வந்தவை அல்ல இவை.

களவன்பத்து நண்டைப் பற்றியது. அதில் வரும் ஒரு பாட்டு, 24ஆம் பாட்டு, சங்கப் பாடல்களிலேயே மிகக் கொடிய இயற்கைக் காட்சிகளில் ஒன்றைத் தருகிறது. தாய் சாகப் பிறக்கும் நண்டும், தன் குட்டியையே தின்னும் முதலையும் உள்ளது அவன் ஊர். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இந்தக் காட்சிக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது: தன்னைக் காக்க வேண்டியவனாலேயே அழிபவள், தன்னைச் சார்ந்ததையே விழுங்குபவன். உயிரியல்படி முதலை தன் குட்டியைத் தின்பதற்காக வாயில் கவ்வுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்கிறது. கரையில் நின்று அதைக் கண்டவர்கள் தின்கிறது என்று நினைத்திருக்கக்கூடும். காட்சி கண்ணால் கண்டது, முடிபு மனத்தால் வந்தது என்றே நான் கொள்கிறேன். பாதுகாக்கும் வாயை விழுங்கும் வாயாகக் காணும் மனம் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கும் என்பதையும் பாட்டு சொல்லிவிடுகிறது.

மரபு இயந்திரம்போல் இயங்கவில்லை என்பதற்குக் குறுந்தொகையில் இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. 202ஆம் பாட்டு, மறுபடியும் அள்ளூர் நன்முல்லை. ஊடல் துறையில் வரும் இந்தப் பாட்டில் நீர்வளத்தின் சாயலே இல்லை. புன்செய் நிலத்து நெருஞ்சி மட்டுமே இருக்கிறது. கண்ணுக்கு இனிய பூவாக இருந்து பின் முள்ளாக மாறுவது. இன்பம் தந்தவனே இப்போது துன்பம் தருகிறான் என்பதற்கு ஆம்பலும் தாமரையும் உதவாது, ஏனென்றால் அவை முள்ளாக முதிர்வதில்லை. தன் அனுபவத்துக்குத் திணையின் சரக்கறையில் பொருள் கிடைக்காதபோது புலவர் வேலியைத் தாண்டி வறண்ட நிலத்துக்குப் போயிருக்கிறார். மிளைக் கந்தனின் 196ஆம் பாட்டில் தோழி சுவையைக் கொண்டு பேசுகிறாள்: அன்று வேம்பின் காயும் இனித்தது, இன்று பாரியின் பறம்பு மலைச் சுனையின் தைமாதத்துத் தண்ணீரும் வெப்பமாக, உவர்ப்பாக இருக்கிறது. பொருள்கள் மாறவில்லை, உண்பவனின் நாக்கு மாறியிருக்கிறது. மாற்றம் எங்கே நடந்தது என்பதை ஒரு மருத்துவரின் கூர்மையோடு அந்தத் தோழி சுட்டிவிடுகிறாள்.

வருணனை வெறும் அலங்காரம் அல்ல என்பதற்குத் தொல்காப்பியரே மறைமுகமாகச் சான்று தருகிறார். தலைவி உள்ளுறை சொன்னால் அது அவள் அறிந்த பொருளுக்குள் நிற்கவேண்டும், தோழி சொன்னால் அந்த நிலத்தை விட்டு வெளியே போகலாகாது, தலைவனுக்கு இந்தக் கட்டுப்பாடு வேறுவிதம் என்று உவமவியல் பிரிக்கிறது. வருணனை புலவரின் பொதுவான அலங்காரமாக இருந்திருந்தால் பேசுபவரின் அறிவுக்கு ஏற்ப அதை அளக்கவேண்டிய தேவை இல்லை. யார் வாயிலிருந்து வருகிறதோ அவருடைய உலகம்தான் உவமையின் எல்லை என்று இலக்கணம் கருதியதால்தான் இந்த விதி பிறந்தது. மனைவி கண்ட உலகம் கொல்லைப்புறத்துக் குளமும் வயலும் என்றால், அவளுடைய வழக்குக்கும் அவைதான் சாட்சிகள்.

மனைவியின் தரப்புக்கு மட்டும் இது ஆயுதமாக இருந்திருந்தால் இதைப் பெண்ணின் எதிர்ப்புக் குரல் என்று புகழ்ந்துவிட்டுப் போகலாம். குறுந்தொகையின் 8ஆம் பாட்டு அதற்கு இடம் தருவதில்லை. ஆலங்குடி வங்கனார் பாடிய இதில் பேசுபவள் பரத்தை. வயலோரத்து மாமரத்தில் முற்றிய பழம் தானாக உதிர்கிறது, பொய்கை வாளை அதைக் கவ்விக்கொள்கிறது. நான் அவனை வசப்படுத்தவில்லை, அவனே வந்து விழுந்தான் என்று பொருள். அதே மூச்சில், என்னிடத்தில் பெருமை பேசியவன் தன் மகனின் தாயிடம் கண்ணாடிப் பாவையைப்போல அவள் கையும் காலும் அசைத்தபடி அசைகிறான் என்று எள்ளுகிறாள். மனைவியின் தரப்பு எருமையாகக் கண்டவனைப் பரத்தை பழமாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் காண்கிறாள். ஒருத்திக்கு அவன் கட்டறுத்த முரடன், மற்றவளுக்குத் தன் விருப்பமென்று ஒன்றில்லாதவன். இருவரும் ஒரே வயலிலிருந்து படிமம் எடுக்கிறார்கள். இருவரும் நேரே பேசமுடியாதவர்கள். ஒருவரையொருவர் புண்படுத்தும் அளவுக்கு அவனைப் புண்படுத்த முடியாதவர்கள். ஊரனுக்கு இந்தப் பாடல்களில் பெரிய தண்டனை எதுவும் கிடைப்பதில்லை என்பதை மறைக்கக்கூடாது.

மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. உறையூர்ச் சல்லியன் குமாரனாரின் பாட்டில் (குறுந்தொகை 309) வயலில் களை பறிப்பவர்கள் நெய்தல் பூவைப் பிடுங்கி வரப்பில் வாடவிடுகிறார்கள். அப்படியிருந்தும் இவர்கள் கொடியவர்கள், வேறு நிலம் போவோம் என்று நினைக்காமல், பிடுங்கிய அதே வயலில் அது மறுபடி பூக்கிறது. அந்த நெய்தலைப் போன்றவர்கள் நாங்கள், நீ என்ன தீங்கு செய்தாலும் நீயின்றி வாழ எங்களுக்கு வலிமை இல்லை என்று பேச்சு முடிகிறது. இதை அன்பின் ஆழம் என்று பாராட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது சங்கப் பாடல்களில் மிகவும் துயரமான ஒப்புதலாகப் படுகிறது. நெல்லுக்கு உரியவனின் வீட்டில் வாழும் பெண் தன்னை நெல்லாகக் காணவில்லை, களையாகக் காண்கிறாள். களை பறிக்கும் கூலிக்கைகள் அந்த வருணனைக்குள் ஒரு கணம் தோன்றி மறைகின்றன. ஊரனின் வளம் யாருடைய உழைப்பு என்பதை மருதம் இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் இடங்கள் அதிகம் இல்லை.

இந்தப் பேச்சுமுறை நிலைத்திருக்க ஒரு நிபந்தனை தேவைப்பட்டது. சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஊர்க்காரர்களாக, எந்த எருமை யாரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இல்லாதவர்களாக இருக்கவேண்டும். அந்த நிபந்தனை தவறும்போது என்ன ஆகும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி காட்டுகிறது. இந்திரவிழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் அவனோடு வாழும் ஆடல்மகள் மாதவியும் அமர்ந்திருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான்: உன் கணவனான சோழன் கங்கையையும் குமரியையும் புணர்ந்தாலும் நீ ஊடுவதில்லை, அதுவே பெண்ணின் கற்பு என்று. பழைய மருத வழக்கே இது; ஆனால் புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. பெண் ஆணின்மேல் பழி சொல்லப் பயன்பட்ட ஆறு இப்போது பெண்ணுக்குப் பொறுமை போதிக்கிறது. அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுவதாக மாதவி நினைக்கிறாள். தானும் அப்படியொரு குறிப்பு உடையவள்போலப் பதிலுக்குக் காவிரியையும் கடற்கரையையும் பாடுகிறாள். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறான். காப்பியத்தைப் பாடிய இளங்கோ இதற்கு ஊழ்வினையைக் காரணம் சொல்கிறார். கூடவே இன்னொரு காரணமும் பாட்டுக்குள் தெரிகிறது. அங்கே யார் யாரைச் சொல்கிறார்கள் என்று இருவருக்கும் உறுதியில்லை. வாயில் மறுக்கவும் வாயில் நேரவும் இடையில் நின்று பொருள் சொல்லும் தோழி இல்லை. பணம் கொடுத்து உறவு தொடங்கிய ஒரு துறைமுக நகரத்தில் ஊரனின் குளத்துக்கு இருந்த பொது அறிவு இல்லை.

இளங்கோ இதை அறிந்தே எழுதினார் என்று நான் நம்புவதற்குக் காரணம், மாதவி பிறகு அனுப்பிய இரண்டு கடிதங்கள். வேனிற்காதையில் தாழையின் வெள்ளிதழில் பித்திகை அரும்பைக் கொண்டு செம்பஞ்சுக் குழம்பால் எழுதுகிறாள். இளவேனில் ஓர் இளவரசன், மாலைத் திங்களும் செவ்வியன் அல்லன் என்று பருவமும் நிலவும் நிறைந்த கடிதம். அவள் பணிப்பெண் வசந்தமாலை கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கோவலன் வாங்க மறுத்து, இவள் ஆடல்மகள், இதுவும் நடிப்பு என்கிறான். இயற்கையைக் கொண்டு பேசியதே அவனுக்கு அவள் பொய் சொல்கிறாள் என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகும் வழியில், அந்தணன் கௌசிகன் கையில் வரும் இரண்டாவது ஓலையில் பூவும் இல்லை, வேனிலும் இல்லை, நிலவும் இல்லை. அடி பணிகிறேன், பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விட்டு மனைவியோடு இரவில் புறப்பட்டுப் போக நான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் தவிக்கிறேன், அறிந்து பொறுக்கவேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அதைப் படித்ததும் அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையதே என்று கோவலன் உணர்கிறான். அந்த ஓலையையே தன் பெற்றோருக்குக் காட்டும்படி கௌசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரையை நோக்கி நடக்கிறான்.